பாக்கெட் அக்கா சொன்ன பொய்

ஊரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றிவிடலாம், பாக்கெட் அக்காவை மட்டும் ஏமாற்ற முடியாது என்று அந்தச் சலவை ஆலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. எது எப்படியோ, முப்பது பேர் வேலை செய்கிற அந்தத் தகரக் கொட்டகையில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. சம்பளக் கவரில் பெயர் எழுதுகிற கிளார்க்கே பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசிப்பார்.

அவள் பார்க்கிற வேலை அப்படி. ஆஸ்பத்திரி, ஓட்டல், பஸ் டிப்போ என்று நாலா பக்கமிருந்தும் மூட்டை மூட்டையாகச் சீருடை வந்து இறங்கும். அதை நீள மேசையில் கொட்டி, மெஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேனா தப்பிப் போனால் நூறு வெள்ளைச் சட்டை நீலமாக வெளியே வரும். ஓர் ஊசி தப்பினால் இஸ்திரி போடுகிறவளின் விரல் போகும். பன்னிரண்டு வருடமாக இதே மேசை, இதே வேலை. ஒரு பேனா கூட அவளைத் தாண்டிப் போனதில்லை, அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம்.

அடுத்தவர் பாக்கெட்டில் பன்னிரண்டு வருடம் கைவிட்டவளுக்கு மனிதர்கள் மேல் என்ன மரியாதை மிச்சமிருக்கும்? சிகரெட் பிடிக்காதே என்று ஊருக்கே உபதேசம் செய்கிற டாக்டர் கோட்டில் சிகரெட் பெட்டி இருக்கும். சிரித்த முகத்தோடு பரிமாறுகிற ஓட்டல்காரர் சட்டையில் நாலு கடன்காரர்களின் சீட்டு இருக்கும். "முகத்தைப் பாத்து ஆளை எடை போடாதே, பாக்கெட்டைப் பாத்துப் போடு" என்பதுதான் அவள் கட்சி. கடைக்காரர் சிரித்தால் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவாள். சிரிக்காவிட்டால் மூன்று தடவை.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பெயின்டர், அப்பாவி மனுஷன். யார் தோளில் கைபோட்டு "அண்ணே" என்றாலும் மயங்கிவிடுவார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் அப்படித்தான் "அண்ணே" என்றான். வெள்ளையடித்த அழகான வீடு ஒன்றைக் காட்டினான், அட்வான்ஸ் வாங்கினான், சாவியும் கொடுத்தான். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அதே வாசலில் இன்னும் இரண்டு குடும்பம் கட்டிலும் பீரோவுமாக நிற்கிறது. மூன்று பேர் கையிலும் சாவி, மூன்றும் அந்தப் பூட்டுக்குச் சேரவில்லை. புரோக்கர் கம்பி நீட்டிவிட்டான். அன்றைக்குத் தெருவில் நின்று பாக்கெட் அக்கா வீட்டுக்காரரைத் திட்டத் தொடங்கியவள்தான், இன்னும் முழுதாக நிறுத்தவில்லை.

அதிலிருந்து அட்வான்ஸ் சேர்க்க முடியாமல், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத மாத வாடகை அறைகளிலேயே காலம் ஓடியது. எழுத்தில்லாத அறையென்றால் காலி செய் என்றதும் காலி செய்ய வேண்டும். ஏழு வருடத்தில் ஐந்து இடம் மாறியாகிவிட்டது. எட்டு வயது மகள் மூன்றாவது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நோட்டுப் புத்தகத்தில் பெயரைப் பேனாவால் எழுதுவாள், முகவரியை மட்டும் பென்சிலால் எழுதுவாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "அழிக்க வசதியா இருக்கும் மிஸ்" என்றாளாம். அதைக் கேட்ட அன்று பாக்கெட் அக்கா யாரையும் திட்டவில்லை.

இப்போது இருப்பது ஐந்தாவது இடம். மூன்று மாடி, பதினாறு அறை. சொந்தக்காரர் யாரென்று ஒருவரும் பார்த்ததில்லை. அவர் சார்பில் வாடகை வாங்க வருகிறவனுக்கு வசூல் என்று பெயர். அவனுக்கு எந்த வீட்டில் நாலு காசு புழங்குகிறது என்பது மூக்கில் வேர்த்துவிடும். புது ஃபேன் ஒன்று மாட்டினால் போதும், அடுத்த மாதம் வாடகை ஏறும். தானே வராமல் யாராவது ஓர் ஆளை ஃபைலோடு அனுப்பி, கணக்கெடுப்பு என்று சொல்லி வாயைப் பிடுங்கின சம்பவமும் இரண்டு உண்டு.

அதனால் அந்தக் கட்டடத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. யாராவது ஃபைலோ பேனாவோ கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தால், முதலில் பார்க்கிறவர் "மழை வருது, துணி எடுங்க!" என்று கத்த வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி. உடனே மாடிதோறும் பரபரப்பாகும். புது மிக்சி கட்டிலுக்கு அடியில் போகும், டிவி மேல் பழைய போர்வை விழும். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: ஒன்றும் இல்லை, ஒன்றும் தெரியாது. குழந்தைகளும் இதில் நல்ல தேர்ச்சி. ஒரு தடவை நிஜமாகவே மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண் பாக்கெட் அக்காவின் மகளிடம் "உன் பேரென்ன பாப்பா?" என்று கேட்டதற்கு, "தெரியாதுங்க" என்று பதில் வந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சங்கம் வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவள் கீழ் அறைத் தையல்காரி, சின்னப் பெண், புருஷன் பஸ் கண்டக்டர். "அக்கா, டயர் கடைக்கு மேல ஒரு சங்கம் இருக்கு. நாம மாசாமாசம் சேமிச்சா, அதே அளவு அவங்களும் போடறாங்களாம். வட்டி கிட்டி ஒண்ணும் கிடையாதாம்" என்றாள்.

"எவன் காதுல பூ சுத்தறே? சும்மா யாருடீ குடுப்பாங்க?"

"வந்து ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்."

ஏமாற்றுக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசையில்தான் பாக்கெட் அக்கா போனாள். டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, ஆறு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். நடத்துகிறவர் வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. எல்லோரும் பேங்க் அம்மா என்பார்கள். ஏமாற்றுக்காரர்கள் நல்ல நாற்காலி போடுவார்கள் என்று பாக்கெட் அக்காவுக்கு ஓர் எண்ணம். கால் ஆடுகிற நாற்காலியைப் பார்த்ததும் கொஞ்சம் குழம்பிவிட்டாள்.

"வேலைக்குப் போற குடும்பம்தாம்மா எங்களுக்கு வேணும்" என்றார் பேங்க் அம்மா. "சம்பளம் வருது, ஆனா வீட்ல நிக்க மாட்டேங்குது, இல்லையா? ஒரு ஜுரம் வந்தா போச்சு, வீடு மாத்தினா போச்சு. நீங்க ரெண்டு வருஷம் போடுங்க, நாங்களும் அதே அளவு போடறோம். வீட்டு அட்வான்ஸ், தொழிலுக்கு மெஷின், படிப்பு, இந்த மூணுல ஒண்ணுக்கு எடுத்துக்கலாம்."

"நீங்க எதுக்குப் போடணும்?"

"எங்க காசு இல்லை. ஒரு பெரிய அறக்கட்டளை எங்களுக்கு நிதி குடுக்குது."

"அவங்க எதுக்குக் குடுக்கணும்?"

"அவங்ககிட்ட இருக்கு."

"இருக்கறவங்க எல்லாம் குடுத்துடறாங்களா?"

பேங்க் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனா குடுக்கறப்ப வாங்கி நாலு பேருக்குப் பிரயோஜனமா செய்யலாம்னு இருக்கேன். நீங்க கேளுங்க. கேள்வி கேக்கறவங்கதான் கடைசி வரைக்கும் இருப்பாங்க."

ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் படித்தாள். மொத்தம் பதினான்கு விதி. ஒன்பதாவது விதி, தவறான தகவல் தருகிற குடும்பம் திட்டத்திலிருந்து நீக்கப்படும், அது போட்ட பணம் மட்டும் திருப்பித் தரப்படும் என்றது. அதற்குக் கீழே நகத்தால் கோடு போட்டுவைத்தாள். "பரீட்சை ஏதும் எழுதப்போறியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "நீங்க எழுதாத பரீட்சையைத்தான் நான் எழுதறேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டாள். மொத்தம் இருபத்திரண்டு குடும்பம். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள், பஸ்ஸை விட்டு நடந்து போனாள். பெயின்டர் வெற்றிலை பாக்கை விட்டார், அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கவும் கற்றுக்கொண்டார். சம்பளம் வந்த மறுநாள் பாக்கெட் அக்கா வங்கிக்குப் போய், தன் பணமும் இருக்கிறதா, சங்கத்துப் பணமும் வந்து சேர்ந்ததா என்று இரண்டையும் கேட்பாள். கவுன்டரில் இருந்த பையன் அவள் தலையைப் பார்த்ததும் "ரெண்டும் பத்திரமா இருக்குக்கா" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். அவள் நம்பாமல் வரிசையில் நின்று எழுதி வாங்குவாள்.

இருபதாவது மாதத்தில் ஒரு வீடு கண்ணில் பட்டது. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், இரண்டு அறை, தனிச் சமையலறை, தனிக் குளியலறை. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஓவர்சியர், கறாரான ஆசாமி. மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, பதிலுக்கு அட்வான்ஸில் சல்லிக் காசு குறைக்க மாட்டேன் என்றார். வருடக் கடைசி வரை காத்திருக்கச் சம்மதித்தார். இன்னும் நாலே மாதம், தன் சேமிப்பும் சங்கத்துப் பங்கும் சேர்ந்தால் அட்வான்ஸுக்கு அப்படியே சரியாக வரும். மூன்று வருடம் யாரும் காலி செய் என்று சொல்ல முடியாத வீடு! பாக்கெட் அக்காவுக்கு அந்த நினைப்பே தித்தித்தது. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

வினை ஒரு மத்தியான வேளையில் வந்தது. அன்று அவளுக்கு வார விடுமுறை. மாடி வராந்தாவில் நின்று தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கீழே கேட்டில் வசூல் நிற்கிறான். கண்ணாடி போட்ட ஓர் ஆள், கையில் ஃபைல், அவனிடம் ஏதோ கேட்கிறார். வசூல் கையை நீட்டி மாடியைக் காட்டுகிறான், அதுவும் நேராக அவள் கதவை.

"மழை வருது, துணி எடுங்க!" என்று கீழிருந்து ஒரு குரல். கண்ணாடிக்காரர் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை.

அவர் படியேறி வருவதற்குள் பாக்கெட் அக்கா அவரை எடை போட்டு முடித்துவிட்டாள். சட்டைப் பையில் இரண்டு பேனா, மடித்த தாள், மெலிந்த டைரி. வசூலோடு பேச்சு. சந்தேகமே இல்லை, அவன் அனுப்பிய ஆள்தான். வீடு பார்த்த விஷயம் எப்படியோ கசிந்திருக்கிறது, அடிமடியில் கைவைக்க வந்திருக்கிறார்கள். சேமிப்பு இருக்கிறதென்று தெரிந்தால் இந்த மாதமே வாடகையை ஏற்றி, சேர்த்ததை எல்லாம் உருவிவிடுவான்.

"நான் சேமிப்புத் திட்டம் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்மா" என்றார் கண்ணாடிக்காரர். குரல் மெதுவாக இருந்தது. மெதுவான குரல் என்றால் அவளுக்கு இன்னும் சந்தேகம். "மாசாமாசம் சேமிக்கறீங்களா?"

"சேமிப்பா! வர்றது வாய்க்கே பத்தலை சார்."

"இந்தச் சங்கத்துல நீங்க இருக்கீங்கதானே?"

"எந்தச் சங்கமும் தெரியாதுங்க."

அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். ஒப்பந்தத்தின் நகல், அடியில் அவள் கையெழுத்து. இதைக்கூட வசூல் எங்கிருந்தோ பிடித்துவிட்டானே என்று நினைத்தாள். ஆனால் பன்னிரண்டு வருட அனுபவம் சும்மா இருக்குமா? நொடியில் ஒரு கதையைக் கட்டிவிட்டாள்.

"ஓ, இதுவா? ஒரு அம்மா வந்தாங்க. கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ஆளையே காணோம். எங்க மாதிரி ஏழைங்க பேரைச் சொல்லி யாரு என்ன சம்பாதிக்கறாங்களோ, நமக்கு என்ன தெரியும்?"

அவர் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டுப் பாக்கெட் அக்கா உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அதை நடித்தே காட்டினாள், அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த மாதம் வங்கியில் சங்கத்துப் பங்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கவுன்டர் பையன் இந்தத் தடவை தூரத்திலிருந்து எதுவும் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவளுக்கு ஒரு சந்தோஷம்தான் வந்தது. நான் அப்போதே நினைத்தேன் என்கிற அந்தக் கேடுகெட்ட சந்தோஷம். "பாத்தியாடீ, தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டாங்க! கால் ஆடற நாற்காலியைப் பாத்து நானே ஏமாந்தேனே!" என்று தையல்காரியைப் பிடித்து உலுக்கினாள். தையல்காரி அழுதாள். அவளும் வீட்டு அட்வான்ஸுக்காகத்தான் சேமித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம் வேறு.

இருவரும் டயர் கடை மாடிக்குப் போனார்கள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பாக்கெட் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் படியேறினாள். உள்ளே பேங்க் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

"எங்க காசு எங்கம்மா போச்சு?" என்றாள் பாக்கெட் அக்கா.

"எங்கயும் போகலை. அறக்கட்டளை நிதியை நிறுத்தி வெச்சிருக்கு. இந்த இருபத்திரண்டு குடும்பமும் நிஜம் இல்லையாம். நானே கையெழுத்து வாங்கி, நானே கணக்கு ஆரம்பிச்சு, ஒரு கையால போட்டு இன்னொரு கையால எடுத்துக்கறேனாம். சொல்லாம கொள்ளாம மூணு வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பாத்திருக்காங்க. ஒரு வீடு பூட்டியிருந்துதாம். ஒரு வீட்ல மாமனார் எதுவும் தெரியாதுன்னுட்டாராம். மூணாவது வீட்ல ஒரு பொம்பளை சொன்னதைத்தான் அப்படியே கடிதத்துல எழுதியிருக்காங்க. பேரைப் போடலை." அவர் தாளை எடுத்துப் படித்தார். "'கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ஆளையே காணோம். ஏழைங்க பேரைச் சொல்லி யாரு என்ன சம்பாதிக்கறாங்களோ.'"

பாக்கெட் அக்கா ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் பாவிம்மா அப்படிச் சொன்னது?" என்றாள் தையல்காரி.

"திட்டாதே. பயத்துல சொல்லியிருப்பாங்க." பேங்க் அம்மா பாக்கெட் அக்கா பக்கம் திரும்பினார். "வர்ற வெள்ளிக்கிழமை என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு குடும்பத்தைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரலாமாம். நான் உங்களைத்தான் நெனச்சேன். மாசாமாசம் சரிபாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னா யாரும் மறுக்க முடியாது. வருவீங்களா?"

வருகிறேன் என்று சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மேசையில் ஒரு பேனாவைத் தவறவிட்டாள். நாற்பது நர்ஸ் சட்டை கறையானது, சூப்பர்வைசர் கத்தியதுகூட அவள் காதில் சரியாக விழவில்லை. வாயை மூடிக்கொண்டு சாட்சி சொன்னால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. அந்தக் கண்ணாடிக்காரர் அங்கே இருப்பாரே, பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடுமே என்று இன்னொரு மனம். போகாமலே இருந்துவிட்டால் இருபத்திரண்டு வீட்டுக் கனவும் மண். உண்மையைச் சொன்னால் ஒன்பதாவது விதி. எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அந்தப் பின்தெரு வீடு அவள் கைக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகும்போதே பேங்க் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "அம்மா, அந்தப் பாவி நான்தாம்மா."

பேங்க் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாலு நிறுத்தம் போயிற்று. அப்புறம், "மூணு ராத்திரி தூங்கலை நான். முப்பது வருஷம் அடுத்தவங்க காசை எண்ணினவ நான், ஒரு பைசா பிசகினதில்லை" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவரிடம் பத்து அடி வாங்கியிருக்கலாம் போலிருந்தது பாக்கெட் அக்காவுக்கு.

அறக்கட்டளை அலுவலகத்தில் நாற்காலிகள் எல்லாம் ஆடாமல் நின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் கண்ணாடிக்காரர். பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் பாக்கெட் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: வசூல், வாடகை, மழை வருது, சேர்த்த காசு பறிபோய்விடுமென்ற பயம்.

கண்ணாடிக்காரர் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு நீங்க சொன்னது பொய்ங்கறீங்க. இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படிம்மா நம்பறது? இவங்க சொல்லிக்குடுத்து வந்திருக்கலாம் இல்லையா?"

நியாயமான கேள்வி. அவளாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாள்.

"நம்பாதீங்க சார்" என்றாள். "நானும் யாரையும் நம்பறவ இல்லை. இவங்களையே இருபது மாசம் நம்பாமதான் பேங்க் வாசல்ல நின்னேன். நீங்க பாக்கணும்னா வாங்க, இருபத்திரண்டு வீட்டுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. அந்த ஃபைலைப் பைக்குள்ள வெச்சுடுங்க. வாசல்ல நின்னதும் நான் வாடகை வசூல் பண்றவன் அனுப்பின ஆள் இல்லைன்னு முதல்ல சொல்லுங்க. அதைச் சொல்லாம நீங்க எந்த வீட்ல போய்க் கேட்டாலும் இதே பதில்தான் வரும். உங்களுக்கு அது பொய்யாத் தெரியும். எங்களுக்கு அதுதான் பூட்டு."

மறுநாள் சனிக்கிழமை. அவள் முன்னால் நடக்க, கண்ணாடிக்காரர் பின்னால் வர, பேங்க் அம்மாவைக் கூடவே வரக் கூடாது என்று தடுத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் கட்டடத்துக் கேட்டில் நுழைந்ததும் வழக்கம்போல "மழை வருது" என்று குரல் எழுந்தது. "மழையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கதவைத் திறங்க!" என்று பாக்கெட் அக்கா கத்தினாள். மாடிதோறும் தலைகள் எட்டிப் பார்த்தன. காட்டிக்கொடுத்துவிட்டாள் என்கிற பார்வை. கேட்டில் நின்ற வசூலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அடுத்த மாதம் அவள் அறைக்கு மட்டும் வாடகை ஏறியது.

இருபத்திரண்டு வீடும் நிஜம் என்று கண்ணாடிக்காரர் எழுதிக் கொடுத்தார். நிதி மறுபடி வந்தது, நிறுத்திவைத்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே வந்தது. இருபத்தொரு குடும்பத்துக்கு வந்தது. ஒன்பதாவது விதியைத் தளர்த்த பேங்க் அம்மா இரண்டு தடவை எழுதிக் கேட்டார், அறக்கட்டளை முடியாது என்றது. "அடுத்த வருஷம் புதுசா ஆள் சேக்கறப்ப முதல் பேர் உங்களோடதுதான்" என்றார் பேங்க் அம்மா. கோபம் தணிந்திருந்தது, ஆனால் பழைய மாதிரி அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பாக்கெட் அக்கா விலகல் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்ட பணம் மட்டும் அவளிடம் வந்தது. பாதி அட்வான்ஸ்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் கைவிரலில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "நம்பி ஏமாந்ததுக்கு எனக்கு ஏழு வருஷம் திட்டு" என்றார் கடைசியில். "நம்பாம ஏமாந்ததுக்கு உனக்கு எத்தனை வருஷம்னு சொல்லு, நான் இன்னிக்கே ஆரம்பிக்கறேன்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் திட்டவில்லை, அவருக்குத் திட்டத் தெரியாது.

ஓவர்சியரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். பாதிதான் இருக்கிறது, மீதிக்கு இன்னும் இரண்டு வருடமாகும் என்றாள். அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்கிற ஆட்டம். கதவு வரை போனவள் திரும்பி வந்து, "எங்க கீழ் வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. தையல் வேலை. புருஷன் கண்டக்டர். முழுசா அட்வான்ஸ் குடுப்பாங்க" என்றாள்.

ஒப்பந்தம் எழுதுகிற அன்று தையல்காரி அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "எனக்குப் படிச்சா ஒண்ணும் புரியாதுக்கா, நீங்க பாருங்க." கூடத்தில் தரையில் உட்கார்ந்து பாக்கெட் அக்கா நாலு பக்கத்தையும் வரி வரியாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் விரல் நின்றது.

"சார், மேல மூணு வருஷம்னு எழுதியிருக்கீங்க. இங்க, நீங்க கேட்டா ஒரு மாசத்துல காலி பண்ணணும்னு இருக்கே. ரெண்டுல எது நிஜம்?"

"அது எல்லா ஒப்பந்தத்துலயும் போடற வழக்கமான வரிம்மா."

"வழக்கமா இருந்தா நல்லதாப் போச்சு, அடிக்கறதும் சுலபம். அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஓவர்சியருக்கு முகம் சிவந்தது. "நீங்க யாரும்மா இந்த வீட்டுக்கு?"

"நான் சும்மா கூட வந்தவ."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். தையல்காரி பேனாவை வாங்கிக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "இரு, குழாயைப் பாத்துட்டு வர்றேன். தண்ணி வராத வீட்டை எழுதி வாங்கி என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் பாக்கெட் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். பொறாமைதான், வேறென்ன? அந்தச் சத்தத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடக்க முடியாமல் அழுதாள். சமையலறையில் எந்தப் பக்கம் அடுப்பை வைப்பது, மகளுக்கு எந்த ஜன்னல் என்று எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்தது. முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்து, குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"தண்ணி நல்லா வருது" என்றாள். "நீ கையெழுத்துப் போடு."